நொய்நொய்க்கு ஒரு வக்கீல்

காத்தக்காவைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் தீயணைப்பு நிலையத்தில் ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள். ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிற நெட்டையன் "தொல்லை" என்று ஒரே வார்த்தை எழுதிக் கீழே கையெழுத்தும் போடுவான், அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டே. நான் வண்டி ஓட்டுகிறவன், தண்ணீர் பம்பைப் பார்த்துக்கொள்கிறவன். தீப்பிடித்த இடத்தில் எல்லோரும் உள்ளே ஓடும்போது வண்டியோடு வெளியே நிற்கிறவன். என்னோடு வெளியே நிற்கிற இன்னொரு ஜீவன் இந்த அக்காதான். ஆகையால் அவரைப் பற்றிப் பேச எனக்குத்தான் உரிமை அதிகம். மறுப்பு இருக்கிறவர்கள் நேரில் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புகைக்குள் போகிறவன் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு போவான். எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் முள் அவன் தோளிலேயே தொங்கும். ஆனால் உள்ளே போனவனுக்கு முள்ளைப் பார்க்கவா நேரம்? இன்னும் ஓர் அறை, இன்னும் ஒரு கதவு என்று ஆசை இழுத்துக்கொண்டே போகும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு: உன் காற்றை நீ மட்டும் கணக்கு வைத்துக்கொண்டால் போதாது, வெளியே நிற்கிற இன்னொருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இன்னொருவர்தான் அக்கா. வாசலில் ஒரு வெள்ளைப் பலகையோடு நின்று, யார் எப்போது போனார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்று எழுதி, ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

"ஒட்டகம், திரும்பு."

"இப்பத்தானக்கா வந்தேன்."

"வந்த வரைக்கும் போதும். திரும்புடா."

அதனால்தான் காத்தக்கா என்று பெயர். ஒட்டகத்தின் பெயருக்கு விளக்கம் தேவையில்லை, அவனைப் பார்த்தாலே போதும்.

அக்கா குள்ளம். பூசினாற்போல உடம்பு. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பலகையில் எழுதும் பேனாவைக் கொண்டையில் செருகிவிட்டு அதையே நிலையம் முழுக்கத் தேடுவார். இங்கே வருவதற்கு முன் நீச்சல் குளத்தில் வேலை. தண்ணீருக்குள் எத்தனை தலை, கரையில் எத்தனை தலை என்று நாளெல்லாம் எண்ணுகிற வேலை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. சினிமாவுக்குப் போனால் படத்தைப் பார்க்காமல் முன்வரிசைத் தலைகளை எண்ணுவாராம். இடைவேளைக்குப் பிறகு ஒரு தலை குறைந்தால் பக்கத்தில் தூங்கும் வீட்டுக்காரரை உலுக்குவாராம். வீட்டுக்காரர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை எனக்கு முடி வெட்டிக்கொண்டே சொன்னார், "உங்களுக்காவது வேலை நேரத்துல மட்டும்தான் தம்பி. நான் குளிக்கப் போனாக்கூட, தண்ணி விட்டது போதும் வெளிய வாங்கன்னு கதவைத் தட்டுறா." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். கத்தி என் காதோரம் இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மணி அடிக்காத நேரத்தில் எங்களுக்கு ஓய்வறைதான் உலகம். ஒரு நீள மேசை, நடுவில் குழி விழுந்த சோபா, சுவரில் ஒரு டிவி. அந்த டிவியில் ஒரு விண்வெளி விளையாட்டு. அதைக் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி, எங்களோடே வேலை பார்க்கிறவன். எனக்கு மட்டும் மச்சானாக இருந்தவன், நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நிலையத்துக்கே மச்சானாகிவிட்டான். வீட்டில் வைத்து விளையாடினால் சோறு கிடையாது என்று அவன் மனைவி சொன்னதால் விளையாட்டுப் பெட்டி இங்கே வந்து சேர்ந்தது.

விளையாட்டு இதுதான். ஓட்டை உடைசல் கப்பல் ஒன்றுக்கு நீங்கள் தலைவர். யாரும் போகாத கிரகங்களில் இறங்கி, எப்போதோ தொலைந்துபோன ஒரு பெரிய கப்பலின் எஞ்சினைத் தேடி எடுக்க வேண்டும். கப்பலை விட்டு இறங்கும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளலாம். எங்களிடம் இரண்டு துணைகள் உண்டு. ஒருத்தி சிவப்புக் கோட்டுக்காரி. இரண்டு கையிலும் துப்பாக்கி, எகிறிக் குதித்தால் பாறையே பிளக்கும். நான் அவளுடைய பரம ரசிகன். இன்னொன்று முழங்கால் உயர இயந்திரம், கவிழ்த்துப் போட்ட வாளி போலிருக்கும். சுடத் தெரியாது, ஓடத் தெரியாது. மூக்கடைத்த குரலில் ஒன்றே ஒன்றுதான் தெரியும்: "தலைவரே, காற்று குறைகிறது. திரும்புவது நல்லது." எதிரி வாயைப் பிளந்துகொண்டு வரும்போதும் அதுதான், புதையல் பெட்டியைத் தொடும்போதும் அதுதான். விளையாடுகிற உலகமே அதைத் திட்டித் தீர்த்தது. அதன் பேச்சை வைத்துப் பாட்டுக் கட்டிக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. நாங்கள் வைத்த பெயர் நொய்நொய்.

நல்லவேளையாக அதன் வாயை அடைக்கக் கையிலிருக்கும் கன்ட்ரோலரில் ஒரு பொத்தான் இருந்தது. இடது கட்டைவிரலால் ஓர் அமுக்கு, கப்சிப். நாளாக ஆக அது "தலை..." என்று ஆரம்பிக்கும்போதே எங்கள் கட்டைவிரல் போய் அமுக்கிவிடும். ஒட்டகத்தின் கட்டைவிரல் எல்லோரையும்விட வேகம்.

அக்கா மட்டும் அந்தப் பொத்தானைத் தொடவே மாட்டார். அவர் முறை வந்தால் நொய்நொயைத்தான் கூட்டிப்போவார். அது திரும்பு என்றால் உடனே திரும்பிவிடுவார். நாலு கல்லைப் பொறுக்கிக்கொண்டு பத்திரமாகக் கப்பலுக்கு வந்து சேர்வார்.

"ஏங்கக்கா, கடைக்குப் போய் காய் வாங்கிட்டு வர்ற மாதிரி போய்ட்டு வர்றீங்க!" என்று மச்சான் தலையில் அடித்துக்கொள்வான்.

"காய் வந்துச்சா, நானும் வந்தேனா? அப்புறம் என்ன?" என்பார் அக்கா.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. கடைசிக் கிரகத்துக்குப் போகக் கப்பலின் பாரம் குறைய வேண்டும், துணைகளில் ஒருவரை இறக்கிவிட வேண்டும் என்று திரையில் எழுத்து வந்தது. இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது. நான் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன். நொய்நொய்க்கு நாள் குறித்தாயிற்று!

எங்கள் நிலையத்தில் எந்தத் தகராறானாலும் கோப்பை வைத்துத்தான் முடிப்போம். சம்மதம் என்றால் உன் டீ கோப்பையை நிமிர்த்தி வை, இல்லையென்றால் கவிழ்த்து வை. ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்பதில் ஆரம்பித்து எல்லாம் அப்படித்தான். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கோப்பை வைப்பது, நொய்நொய் இருப்பதா போவதா முடிவு செய்வது என்று பேசிக்கொண்டோம்.

அந்த வாரம் முழுக்க அக்கா விட்ட இடமில்லை. பாத்திரம் துலக்கும்போது வாதம், குழாய் உலர்த்தும்போது வாதம்.

"அவகிட்ட ரெண்டு துப்பாக்கி இருக்குக்கா," என்றான் ஒட்டகம்.

"ரெண்டு துப்பாக்கியும் உனக்கு மூச்சு விடுமா?"

"இந்த வாளிக்கு என்னதான் தெரியும், அதையாவது சொல்லுங்க."

"உன்னைத் திருப்பிக் கூட்டிட்டு வரத் தெரியும். அது தெரியாதவங்களத்தான் நீ தலைமேல தூக்கி வெச்சு ஆடுற."

"வக்கீல் அம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க!" என்று மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். அக்கா ஈரத் துணியால் அவன் முதுகில் ஒன்று வைத்தார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

ஆனால் வெள்ளிக்கிழமை, ஈரக் குழாய்களைக் கம்பியில் தொங்கவிட நானும் அவரும் மட்டும் இருந்தபோது அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, நேத்து ரேடியோவுல நான் கூப்பிட்டப்ப, உள்ள இருந்து யாரோ நொய்நொய்னாங்க. கேட்டீங்களா?"

கேட்டேன். ஒட்டகம்தான். நானும் சிரித்தேன், அதுவும் சத்தமாக.

"அது வெளையாட்டு இயந்திரம்னு எனக்குத் தெரியாதா? ஆனா நொய்நொய் பண்றதும் நான் பண்றதும் ஒரே வேலை. அவனை வேண்டாம்னு இறக்கிவிட்டீங்கன்னா, அக்கா நீ கத்துறது எங்களுக்குத் தொல்லைன்னு நேராச் சொன்ன மாதிரிதான் எனக்கு இருக்கும். இன்னொண்ணு. அந்தப் பொத்தானைப் பாத்தாலே எனக்குப் புடிக்கல. பேசுறவன் வாயை ஒரு விரல்ல அடைச்சுப் பழகுறீங்க. அந்த விரலை வீட்டுல கழட்டி வெச்சுட்டா உள்ள போறீங்க?"

"ரொம்பப் பண்ணாதீங்கக்கா. வெளையாட்டு வேற, வேலை வேற," என்றேன் வெடுக்கென்று. எனக்குக் கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும், அது ஊருக்கே தெரியும். அவர் அடுத்த குழாயை எடுத்தார்.

சனிக்கிழமைப் பயிற்சி புகைக் கட்டடத்தில். அது பயிற்சிக்கென்றே கட்டிய வெற்று மாடிக் கட்டடம். உள்ளே புகையைக் கிளப்பிவிட்டு, எங்கேயோ ஓர் ஆள் உயரப் பொம்மையைப் போட்டிருப்பார்கள், தேடித் தூக்கிவர வேண்டும். ஒட்டகமும் மச்சானும் ஜோடியாக உள்ளே போனார்கள். ஜோடிக்கு ஒரு ரேடியோ. அது ஒட்டகத்தின் நெஞ்சில், இடது பக்கம் மாட்டியிருந்தது. ஏதாவது ஆனால் ஓடுவதற்கு இன்னொரு ஜோடி வாசலில் தயாராக நின்றது. எங்கள் ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நான் பம்பருகே, அக்கா பலகையருகே.

நேரம் வந்ததும் அக்கா கூப்பிட்டார். "ஒட்டகம், காத்து கொறையுது. திரும்பு."

பதில் இல்லை.

"ஒட்டகம், கேக்குதா? திரும்பு."

ரேடியோவில் ஓர் இரைச்சல்கூட இல்லை.

"இருங்கக்கா, பொம்மை பக்கத்துல இருப்பான். இப்ப வந்துருவான்," என்றேன் நான்.

"பதில் வரலைன்னா வரலை. அவ்வளவுதான்," என்றார் அக்கா. கொஞ்சமும் யோசிக்கவில்லை. சங்கை ஒலிக்கவிட்டு, நின்றிருந்த ஜோடியை உள்ளே அனுப்பிவிட்டார். பிறகும் ரேடியோவை வாயருகே வைத்துக்கொண்டு, "கேக்குதா, கேக்குதா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பயிற்சிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே நடந்தது பிறகுதான் தெரிந்தது. மாடியில் கிடந்த ஒரு மரச்சட்டத்தில் மச்சானின் கால் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ஒட்டகம் ரேடியோவில் உதவி கேட்டுக் கத்தினான், கத்தினான், யாரும் பதில் சொல்லவில்லை. மச்சானின் உருளை காற்றுத் தீரப்போகிறது என்று விசிலடிக்க ஆரம்பித்தபோது, அவர்கள் யாரையும் எதிர்பார்க்காத நேரத்தில், புகைக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்து சட்டத்தைப் பெயர்த்து எடுத்தார்கள்.

நான்கு பேரும் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார்கள். மச்சான் நொண்டிக்கொண்டே வந்து புல்லில் மல்லாந்தான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பேன்? போய் அவன் காலைத் தொட்டுப் பார்த்தேன். வீங்கியிருந்தது, உடையவில்லை.

"அவ்வளவு கத்துனேன், வெளிய எல்லாரும் செவிடா?" என்று ஒட்டகம் பாய்ந்தான்.

ஆபீசர் அவன் நெஞ்சிலிருந்த ரேடியோவைத் திருப்பிப் பார்த்தார். "இது அணைஞ்சு கெடக்குதே. பேட்டரி போச்சா?" பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினார், உடனே உயிர் வந்தது.

ஒட்டகம் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தான். அவ்வளவு உயரமான ஆள் அப்படிக் கூனிக்குறுகி நான் பார்த்ததே இல்லை.

"அக்கா கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஒட்டகம்னு பேர் சொன்னதுதான் கேட்டுச்சு. கை தானாப் போயிடுச்சு சார். நான்... நொய்நொயை அமுக்குற மாதிரி அமுக்கிட்டேன். அமுக்குனதே எனக்குத் தெரியல."

அடப் பாவி! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை என்னவெல்லாம் சொன்னேன் என்பது இங்கே எழுதும்படியாக இல்லை. அக்கா பலகையில் அவர்கள் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டதாகக் குறித்தார், பேனாவைக் கொண்டையில் செருகினார், வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பயந்துட்டேன் தம்பி, அவ்வளவுதான். ரொம்பப் பயந்துட்டேன்," என்றார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஆபீசர் நேராக டிவியிடம் போனார். கம்பிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"இனிமே இந்தப் பெட்டி இங்க இருக்கக் கூடாது. தூக்கிட்டுப் போ மச்சான்."

மச்சான் நொண்டிக்கொண்டே கம்பிகளைச் சுருட்டப் போனான். அப்போது அக்கா எழுந்தார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. பெட்டியத் தூக்கிட்டா அந்த விரல் சரியாயிடுமா? விரல் இவன்கூடத்தானே இருக்கும்! மறுபடி நான் கூப்பிடுவேன், மறுபடி அது போய் அமுக்கும். எதுல பழகுச்சோ அதுலயே அதை மறக்க வைக்கணும்."

"எப்படி?"

"செவப்புக் கோட்டை இறக்கிவிடுங்க. கடைசி ஆட்டத்துக்கு நொய்நொய்தான் துணை. வெளையாடப் போறது ஒட்டகம். அந்தக் குரல் பேசப் பேச இவன் கை அசையாம இருக்கணும். இவன் கை அசையலன்னு நான் பாத்தாத்தான் இவனுக்குப் பலகை புடிப்பேன். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

கடைசி வாக்கியத்தை அவர் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் சொன்னால் செய்வார். அக்கா இல்லாத வாசலை நினைத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. ஆபீசர் கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தன் கோப்பையை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தார். மச்சான் காலில் பனிக்கட்டிப் பையோடு எட்டி நிமிர்த்தி வைத்தான். ஒட்டகம் இரண்டு கையாலும் வைத்தான்.

நான் கவிழ்த்து வைத்தேன்.

"என்ன மாமா!" என்றான் மச்சான்.

"அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா அந்த மூக்கடைச்ச குரலை என்னால தாங்க முடியாது. அதச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?" என்றேன். அக்கா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். என் கோப்பை தோற்றது. சிவப்புக் கோட்டுக்காரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கிப் போனாள். அவள் திரும்பிப் பார்த்தபோது நான் உண்மையாகவே கையசைத்துவிட்டேன்.

கடைசி ஆட்டம் மறுநாள் மதியம். அந்தக் கிரகத்தில் ஒரே ஒருமுறைதான் இறங்க முடியும், எஞ்சின் இல்லாமல் திரும்பினால் ஆட்டம் முடிந்தது. ஒட்டகம் சோபாவின் குழியில், முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்தான். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை, அவன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் நொய்நொய் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த விரல் துள்ளியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மடக்கினான். போகப் போகத் துள்ளல் குறைந்தது. கை வியர்த்து வழிந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டான்.

குகை, பாலம், மறுபடியும் குகை. அதற்குள் இருட்டில் அந்த எஞ்சின் நீலமாக ஒளிவிட்டது. எத்தனை மாதமாகத் தேடியது! நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம், நொண்டிக் காலோடு மச்சானும்.

"தலைவரே, காற்று குறைகிறது. திரும்புவது நல்லது."

"எடுடா!" என்று நான்தான் முதலில் கத்தினேன். "கையெட்டுற தூரம்டா! எடுத்துட்டுத் திரும்பு!"

"எடு, எடு!" என்றான் மச்சான். ஆபீசர்கூட வாய்விட்டு ஏதோ சொன்னார்.

ஒட்டகத்தின் விரல் அசையவில்லை. ஒரு மூச்சு விட்டான். எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்தான். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குகை, பாலம், மறுபடி குகை, எல்லாம் தலைகீழாக. கப்பல் கதவு மூடியதும் திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: பணி தோல்வி. இத்தனை மாத உழைப்பு மண்ணாய்ப் போயிற்று.

அதன் கீழே கப்பலின் உட்புறம் தெரிந்தது. நொய்நொய் ஒட்டகத்தின் பக்கம் திரும்பியது. எங்களில் யாரும் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னது. அக்கா ஒருநாளும் அதன் வாயை அடைத்ததில்லை, நாங்கள் ஒருநாளும் அது சொல்லித் திரும்பியதில்லை. வாயை அடைத்துப் பழகியவன் ஒருநாள் கேட்டுத் திரும்பினால்தான் வருகிற பேச்சு போலிருக்கிறது, அதனால் அது யாருக்கும் வந்ததில்லை.

"நன்றி, தலைவரே. கேட்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே கூப்பிட்டுக்கொண்டிருப்பது மிகவும் கடினம்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். "அதேதான்," என்றார் யாரிடமும் இல்லாமல். "அதேதான்டா நானும் நெனச்சேன்."

ஒட்டகம் கன்ட்ரோலரை மேசையில் வைத்தான். திரையைப் பார்த்தபடியே, ரேடியோவில் பதில் சொல்கிற குரலில் சொன்னான்.

"கேக்குதுக்கா. நல்லாக் கேக்குது."